சாய்வும் சிதறலும்

செல்பேசியில் ஓர் இசைச் செயலியைத் திறந்து, திரையில் தெரியும் கீபோர்டில் நான்கு சுரம் வாசித்துப் பதிவு செய்கிறீர்கள். உள்ளே சேமிக்கப்படுவது ஒலி அல்ல. எந்தச் சுரம், எந்த நேரத்தில் தொடங்கியது, எவ்வளவு அழுத்தத்தோடு, எப்போது விரல் எடுக்கப்பட்டது என்ற எண்களின் பட்டியல்தான் அது. மிடி என்னும் ஏற்பாடு அப்படித்தான் இயங்குகிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் பிராஃபெட்-600 சின்தசைசரையும் ரோலண்டின் ஜூபிடர்-6 சின்தசைசரையும் கேபிள் போட்டு இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் போட்டி நிறுவனத்தின் கருவியும் சேர்ந்து ஒலித்தது. அன்று அந்தக் கேபிளில் ஓடிய அதே வகை எண்கள்தான் இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செயலிக்குள்ளும் ஓடுகின்றன. பியானோவின் நடு 'ஸி' என்றால் 60. அழுத்தம் 0 முதல் 127 வரை.

எண்களாக இருப்பதால் திருத்துவது சுலபம். தாமதமாக விழுந்த ஒரு சுரத்தை முன்னே இழுக்க ஒலியை வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். ஓர் எண்ணைக் குறைத்தால் போதும். எல்லாச் சுரங்களுக்கும் இதை ஒரே தட்டில் செய்து முடிக்கும் பொத்தானுக்குத்தான் குவான்டைஸ் என்று பெயர். காரேஜ்பேண்ட், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், கியூபேஸிஸ், பேண்ட்லேப் என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு மெனுவுக்குள் அது இருக்கும். வாசிப்பு தடுமாறியவர்கள் உடனே அதை அழுத்துகிறார்கள். பாதிப் பேருக்குப் பாட்டு நேராகிறது. மீதிப் பேருக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகிறது. காரணம், தப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்பது அந்தப் பொத்தானுக்குத் தெரியாது.

அதன் கணக்கு மிக எளிமையானது. டெம்போ 120 என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 பீட், அதாவது ஒரு பீட்டுக்கு 500 மில்லிநொடி. அதை நான்காகப் பிரித்தால் 125 மில்லிநொடிக்கு ஒரு கோடு விழும். மேற்கத்திய இசையில் பதினாறில் ஒரு பங்கு என்பார்கள். கர்னாடக இசைக்காரருக்குச் சதுஸ்ர நடையின் ஒரு மாத்திரை. உங்கள் விரல் 530-இல் விழுந்தால் அருகில் உள்ள கோடு 500; அங்கே போய் உட்காரும். 590-இல் விழுந்தால் 625-க்குத் தள்ளப்படும். கடைக்காரர் சில்லறையை முழு ரூபாயாக்குவதுபோல, பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கு. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவான 562.5 தான் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் விழுந்தது பின்னே போகும், அந்தப் பக்கம் விழுந்தது முன்னே போகும். வாசித்தவர் எதை நினைத்து வாசித்தார் என்ற கேள்வியே இதில் எழுவதில்லை.

இந்த யோசனையைப் பரவலாக்கியவர் ரோஜர் லின் என்ற அமெரிக்கர். 1980-இல் அவர் வெளியிட்ட எல்எம்-1, நிஜமான டிரம்களின் ஒலியைப் பதிந்து வைத்திருந்த முதல் டிரம் மெஷின். விரலால் தட்டியதை நேர்க்கோட்டில் நிறுத்தும் வசதி அதிலேயே இருந்தது. நேராக நிறுத்திய தாளம் சில நேரம் மரக்கட்டைபோல் ஒலிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றுவிட்டு ஒரு மாத்திரையைக் கொஞ்சம் தாமதிக்கும் ஸ்விங் என்ற இன்னொரு வசதியைக் கூடவே வைத்தார். 1988-இல் அகாய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த எம்பிசி-60 இந்த இரண்டையும் ஹிப்ஹாப் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றைய செயலி மெனுக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டின் வாரிசுகள்தான்.

சரி, விரல் ஏன் தப்புகிறது?

இந்தக் கேள்விக்கு உளவியலில் நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. ஒருவரை உட்கார வைத்து, மெட்ரோனோமின் ஒவ்வொரு டிக்குக்கும் விரலால் மேசையைத் தட்டச் சொல்வது எளிய சோதனை. அதில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. முதலாவது, பெரும்பாலானோர் டிக் சத்தத்துக்குச் சற்று முன்னதாகவே தட்டுகிறார்கள். சில பத்து மில்லிநொடி முந்துகிறது. இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு அது குறைவு. தட்டுபவருக்குத் தான் முந்துவதே தெரியாது. சரியாகச் சேர்ந்து தட்டுவதாகத்தான் நினைப்பார். விரல் நுனியிலிருந்து உணர்வு மூளைக்குப் போய்ச்சேர, காதிலிருந்து ஒலி போய்ச்சேர்வதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, இரண்டும் மூளையில் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதற்காக விரல் முன்கூட்டியே கிளம்புகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

இரண்டாவது, தட்டு ஒரே இடத்தில் விழுவதில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று சிதறுகிறது. 1973-இல் ஆலன் விங், ஆல்ஃபிரட் கிறிஸ்டஃபர்சன் என்ற இருவர் இந்தச் சிதறலை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது கொஞ்சம் ஆடுகிறது. அந்தக் கடிகாரத்தின் கட்டளையைத் தசை நிறைவேற்ற எடுக்கும் நேரமும் தனியாக ஆடுகிறது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அழகு. ஒரு தட்டு தசையின் சுணக்கத்தால் மட்டும் தாமதமானால், அதற்கு முந்தைய இடைவெளி நீளும். ஆனால் உள்ளே கடிகாரம் சரியாக ஓடுவதால் அடுத்த தட்டு தன் இடத்திலேயே விழும், ஆகவே அடுத்த இடைவெளி குறுகும். நீண்டதை அடுத்துக் குறுகியது வரும். அளந்த இடைவெளிகளில் இந்த எதிர்த்தொடர்பு உண்மையிலேயே இருந்தது.

இனி, முந்துவது, சிதறுவது என்று அந்தச் சோதனையில் தெரிந்த இரண்டு விஷயங்களுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம். எல்லாத் தட்டும் ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவு தள்ளி விழுந்தால் அது சாய்வு. கோட்டின் இரு பக்கமும் தாறுமாறாக விழுந்தால் அது சிதறல். குவான்டைஸ் சிதறலுக்கு மருந்து. சாய்வுக்கு அதைக் கொடுத்தால் விஷமாகிவிடும்.

செல்பேசியில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், செல்பேசியே ஒரு சாய்வு எந்திரம். விரல் திரையைத் தொடுகிறது. திரை நொடிக்கு 60 முறை தொடுதலைச் சோதிப்பதாக இருந்தால், அதற்கே 16 மில்லிநொடிவரை போகலாம். பிறகு செயலி ஒலியை உருவாக்குகிறது. ஒலி துண்டு துண்டாகத்தான் வெளியேறும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 256 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு 5 மில்லிநொடிக்குச் சற்று அதிகம். இப்படிப் பல துண்டுகள் வரிசையில் காத்திருக்கும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வரிசை மிக நீளம், 100 மில்லிநொடியைத் தாண்டும். ஐபோன், ஐபேட் அந்தக் காலத்திலேயே முந்திக்கொண்டதால்தான் இசைச் செயலிகள் பலவும் முதலில் அங்கே போய்க் குவிந்தன. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 ஒலிக்கென்று குறுக்குவழி ஒன்றைத் திறந்தது. நல்ல போன்களில் நிலைமை இன்று வெகுவாக மாறிவிட்டது.

ஆனால் அந்த முன்னேற்றத்தையெல்லாம் ஒரே நொடியில் பாழாக்குவது புளூடூத் இயர்போன். பல புளூடூத் இயர்போன்களில் ஒலி காதுக்கு வர 150, 200 மில்லிநொடிகூட ஆகும். படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை, ஏனென்றால் போன் படத்தையும் அதே அளவு தாமதித்துவிடும். உங்கள் விரலைத் தாமதிக்க போனால் முடியாதே. மெட்ரோனோமின் டிக் 200 மில்லிநொடி தாமதமாகக் காதில் விழ, அதோடு அச்சுப் பிசகாமல் சேர்ந்து வாசிக்கிறீர்கள். செயலியின் கணக்கில் உங்கள் ஒவ்வொரு சுரமும் 200 மில்லிநொடி பின்தங்கிவிட்டது.

இப்போது குவான்டைஸை அழுத்துங்கள். டெம்போ 120, கோட்டுக்குக் கோடு 125 மில்லிநொடி. 200 என்பது ஒரு கோட்டையும் தாண்டி, 250-இல் இருக்கும் இரண்டாவது கோட்டுக்கு அருகில். ஆகவே பெரும்பாலான சுரங்கள் இரண்டு மாத்திரை தள்ளிப் போய் உட்காரும். ஆனால் விரலின் இயல்பான சிதறலும் இருக்கிறதே. 13 மில்லிநொடி முன்னே விழுந்த ஒரு சுரம் 187-இல் நிற்கும், எல்லை 187.5 என்பதால் அது முதல் கோட்டுக்கு இழுக்கப்படும். விளைவு, சில சுரங்கள் ஒரு மாத்திரை தள்ளி, சில இரண்டு மாத்திரை தள்ளி. வாசித்தபோது காதுக்கு ஒழுங்காக இருந்த ஒரு வரி சுக்குநூறாகிவிடும். வாசித்தவர் தன் லயத்தைத்தான் சந்தேகிப்பார். செயலியைச் சந்தேகிக்க மாட்டார்.

வழி எளிது. குவான்டைஸைத் தொடுவதற்கு முன், சுரங்களைக் கட்டைகளாகக் காட்டும் பியானோ ரோல் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டைகள் எல்லாமே கோட்டுக்கு வலப்பக்கம் ஒரே மாதிரி தள்ளி நின்றால், கட்டத்தில் ஒட்டும் வசதியை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து இடப்பக்கம் நகர்த்துங்கள். சாய்வு போய்விடும். மிஞ்சும் சிதறலைக் குவான்டைஸ் பார்த்துக்கொள்ளும். பதிவு செய்யும்போது கம்பி இயர்போனை மாட்டிக்கொண்டால் இந்த வேலையே மிச்சம்.

பல செயலிகளில் குவான்டைஸுக்கு ஒரு வலிமை அளவு உண்டு. 100 விழுக்காடு என்றால் சுரம் கோட்டின் மேலேயே போய் நிற்கும். 60 விழுக்காடு என்றால் தூரத்தில் நூற்றுக்கு 60 பங்கு மட்டும் நகரும். 30 மில்லிநொடி தப்பியது 12 மில்லிநொடித் தப்பாகக் குறையும். வாசித்தவரின் கைவாகு கொஞ்சம் மிஞ்சும், காதை உறுத்துவது போகும். என் கணக்கில் இந்தப் பொத்தானில் இருப்பதிலேயே உருப்படியான எண் இதுதான். கிட்டார்போல மீட்டிய கார்டுக்கு இது கட்டாயம். கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரம்வரை 30, 40 மில்லிநொடியில் சரசரவென்று விழும் கார்டை 100 விழுக்காட்டில் திருத்தினால், எல்லாச் சுரமும் ஒரே கணத்தில் மோதி, மீட்டல் என்பது போய் ஹார்மோனியக் கட்டையை அமுக்கிய மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஒரு பழைய வாதம் குறுக்கிடும்: கோட்டில் நிற்காததுதான் உயிர், எந்திரத் துல்லியம் இசையைக் கொன்றுவிடும் என்பது. இதற்கு எப்போதும் காட்டப்படும் பெயர் ஜே டில்லா. 2006-இல் இறந்த இந்த டெட்ராய்ட் கலைஞர், எம்பிசி-3000 மெஷினில் நேரத் திருத்தத்தை அணைத்துவிட்டு விரலாலேயே தட்டியவர் என்று பேர்பெற்றவர். அவருடைய மெஷின் இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய தாளம் தள்ளாடுவதுபோல் கேட்கும். அந்தத் தள்ளாட்டத்தைப் பின்பற்றி ஒரு தலைமுறையே டிரம் வாசிக்கிறது.

ஆனால் சோதனைக் கூடத்தில் அந்த வாதம் அவ்வளவு பத்திரமாக நிற்பதில்லை. 2013-இல் வெளியான சில ஆய்வுகளில், எளிய டிரம் தாளங்களை நேராகவும் கொஞ்சம் கோணலாகவும் கேட்க வைத்தபோது, கேட்டவர்கள் நேராக இருந்ததற்கே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். தாளம் கோணக்கோண மதிப்பெண்ணும் இறங்கியது. அப்படியானால் டில்லா? ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து ஆய்வாளர்கள் ஜாஸ் இசையை எடுத்துக்கொண்டு இந்த முடிச்சை இரண்டு கட்டமாக அவிழ்த்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வில், வாசித்தவரின் தற்செயலான நேரச் சிதறல்களை நீக்கிப் பார்த்தார்கள். ஸ்விங் உணர்வுக்குக் குந்தகம் எதுவும் வரவில்லை. 2022-இல் வெளியானதில் வேறொன்றைச் செய்தார்கள்: தனி வாசிப்பில் பீட்டின் மேல் விழும் சுரங்களை மட்டும் பக்கவாத்தியத்தைவிடக் கொஞ்சம் தாமதப்படுத்தி, பீட்டுக்கு நடுவில் விழுபவற்றை அப்படியே விட்டார்கள். கேட்ட ஜாஸ் கலைஞர்கள் ஸ்விங் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். பழைய ஜாஸ் பதிவுகளை அளந்து பார்த்தபோது, பெரும் கலைஞர்களில் ஏறக்குறைய எல்லோரும் தங்களை அறியாமலேயே இதைச் செய்திருந்தார்கள்.

சிதறலில் உயிர் இல்லை. உயிர் இருந்தது சாய்வில். டில்லாவும் தாறுமாறாகத் தட்டியவர் அல்லர். ஒரு குறிப்பிட்ட டிரம் எப்போதும் முந்தும், இன்னொன்று எப்போதும் பிந்தும் என்று ஒழுங்காகக் கோணலாக்கியவர். சிக்கல் என்னவென்றால், புளூடூத் தந்த சாய்வும் கலைஞன் தந்த சாய்வும் செயலிக்கு ஒரே மாதிரி எண்கள்தான். இரண்டையும் பிரித்தறிய ஒரே கருவி காது.

ஸ்விங் என்ற அமைப்பு, சாய்வை விலைக்கு வாங்குவதுபோலத்தான். ரோஜர் லின் வைத்த கணக்கில் 50 விழுக்காடு என்றால் நேர்த்தாளம். டெம்போ 120-இல் 250 மில்லிநொடி நீளமுள்ள ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது மாத்திரை சரியாக 125-இல் விழும். 54 என்றால் 135-இல்; 58 என்றால் 145-இல்; 66 என்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், அதாவது திஸ்ரத்தின் சாயலில். 50-க்கும் 66-க்கும் நடுவில் மெதுவாக நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். நாலைந்து விழுக்காட்டுக்கே பாட்டின் நடை மாறிவிடும். நிஜ ஜாஸ் டிரம்மர்கள் ஒரே விகிதத்தில் நிற்பதும் இல்லை. டெம்போ ஏற ஏற அவர்கள் ஸ்விங்கைக் குறைத்து, மிக வேகமான பாட்டில் ஏறக்குறைய நேராகவே வாசிக்கிறார்கள் என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஹியூமனைஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. நேராக நிற்கும் சுரங்களை அது குலுக்கல் முறையில் முன்னே பின்னே தள்ளும். மனிதத்தன்மையைச் சேர்ப்பதாகப் பெயர். சேர்ப்பது வெறும் சிதறலை. 2011-இல் கோட்டிங்கனைச் சேர்ந்த ஹோல்கர் ஹென்னிக்கும் உடனிருந்தோரும் மனிதர்கள் தட்டிய தாளங்களை அளந்தபோது, பிசகுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வருவதில்லை என்று கண்டார்கள். இப்போது கொஞ்சம் பிந்தினால் அந்தப் பிந்தலின் வாடை வெகுதூரம்வரை நீடிக்கிறது. வாசிப்பு அலையாக ஏறி இறங்குகிறது. குலுக்கல் முறையில் கலைத்ததையும் இப்படித் தொடர்போடு கலைத்ததையும் கேட்க வைத்தபோது, கேட்டவர்கள் இரண்டாவதையே விரும்பினார்கள். பெரும்பாலான ஹியூமனைஸ் பொத்தான்கள் செய்வது முதல் வகை. நீங்களே வாசித்த பதிவு கையில் இருக்கும்போது அதை முழுக்க நேராக்கிவிட்டு, பிறகு பொத்தானிடம் மனிதத்தன்மையைக் கடன் வாங்குவது வேடிக்கை.

மைக்கில் பதிந்த மிருதங்கத்துக்கோ வீணைக்கோ இந்த எண்பட்டியல் கிடையாது. அங்கே செயலி முதலில் ஒலியலையில் திடீரென்று எழும் இடங்களைத் தேடி, அங்கெல்லாம் குறி வைத்து, நடுவில் உள்ள ஒலியை நீட்டியோ சுருக்கியோ குறிகளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். மிருதங்கத்தின் 'தா' கூர்மையாக எழும், சுலபமாக அகப்படும். வயலினில் ஒரே வில்லில் இழைந்து வரும் கமகத்தில் எழுச்சி எங்கே இருக்கிறது? செயலி எதையாவது பிடித்துக்கொண்டு இழுக்கும், கமகம் ரப்பராகும். கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வைத்து வாசித்த கமகத்துக்கும் இதே கதி நேரலாம். சில செயலிகளில் சுரத்தின் தொடக்கம் மட்டும் நகரும், வளைவின் எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். குவான்டைஸ் செய்தபின் கமகம் பிசிறடித்தால் முதலில் இங்கே பாருங்கள்.

நம் இசைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை நடை. செயலிகளின் மெனுவில் நான்காகப் பிரிக்கும் கட்டம் இருக்கும், மூன்றாகப் பிரிக்கும் டிரிப்லெட் இருக்கும். சதுஸ்ரமும் திஸ்ரமும் தப்பித்தன. ஐந்தாகப் பிரிக்கும் கண்டம் பெரும்பாலும் இருக்காது. டெம்போ 60-இல், ஒரு பீட்டுக்கு 1,000 மில்லிநொடி, 'தகதகிட' என்று கண்ட நடையில் ஐந்து சொல் தட்டுகிறீர்கள். மிகச் சரியாகத் தட்டினால் அவை 0, 200, 400, 600, 800-இல் விழும். செயலியின் கோடுகளோ 0, 250, 500, 750-இல். முதல் 'த' அசையாது. 'க' 250-க்குப் போகும். நடு 'த' 400-இலிருந்து 500-க்கு ஏறும். அதே 500-க்கு 'கி' 600-இலிருந்து இறங்கி வரும். கடைசி 'ட' 750-இல். ஐந்து சொல் நான்காகிவிட்டது. இரண்டு சொல் ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டும் வேறு வேறு ஒலியாக இருந்தால் மோதிக் கேட்கும்; ஒரே ஒலியாக இருந்தால் ஒன்று காணாமலே போகும். வாசிப்பில் ஒரு மில்லிநொடிகூடப் பிசகில்லை என்பது நினைவிருக்கட்டும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. செயலியின் டெம்போவை 5/4 மடங்காக்குங்கள்: 60 என்பது 75 ஆகட்டும். இப்போது செயலியின் ஒரு மாத்திரை சரியாக 200 மில்லிநொடி; 'தகதகிட'வின் ஐந்து சொல்லும் ஐந்து கோட்டில் போய் உட்காரும். செயலி தன் பீட்டை நான்கு மாத்திரைக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டிருக்கும். நமக்கு ஐந்து மாத்திரைக்கு ஒரு அட்சரம். அதன் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, ஐந்தாவது கோடுதோறும் ஒரு கஞ்சிரா ஒலியைத் தனி டிராக்கில் வைத்துக்கொண்டால் தாளம் போட அது போதும். மிஸ்ர நடைக்கு 7/4 மடங்கு: 60 என்பது 105. சங்கீர்ணத்துக்கு 9/4: 135. பாட்டின் நடுவில் நடை மாறும் என்றால், டெம்போவை இடையில் மாற்ற விடும் செயலிதான் வேண்டும். அது இல்லாவிட்டால், நடை மாறும் பகுதியைத் தனிப் பதிவாக எடுத்துத் தனி டெம்போவில் திருத்தி, ஒலிக்கோப்பாக்கிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது அந்தக் கோப்புக்கு மறுபடி குவான்டைஸ் போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.